எங்கள் ஒழுங்கை வெள்ளத்துக்கு மழை காரணமா, மனிதர் காரணமா?

தும்பைப்பூ:
உயர்தரத்தில் புவியியல் படிக்கிறேன். ஆற்று வெள்ளத்துக்குப் பௌதிகக் காரணிகள், மானிடக் காரணிகள் என்று இரண்டு நிரலாகப் பிரித்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். குறிப்பில் உள்ளதைப் பாடமாக்கிவிடலாம், ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, ஆறும் இல்லை, கீழே தண்ணீரை உறிஞ்சுகிற சுண்ணக்கல். பிறகு ஏன் கார்த்திகை வந்தால் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர்? அம்மம்மா சொல்லுகிறா, முந்தி எவ்வளவு பெய்தாலும் விடிய வற்றிவிடுமாம். இப்போது மூன்று நாலு நாள் அப்படியே நிற்கிறது. இதை எந்த நிரலில் எழுதுவது?

செம்மண்:
பிள்ளை, முதலில் வீட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கோ. சுண்ணக்கல் உறிஞ்சும், உண்மைதான், ஆனால் ஐப்பசி மழையிலேயே அதன் வெடிப்பும் பொந்தும் நிரம்பி நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால், பிறகு விழுகிற மழைக்கு இறங்க இடமில்லை. ஐப்பசியில் பெய்து தெரியாமல் போகிற அதே அளவு மழை கார்த்திகைக் கடைசியில் வீட்டுக்குள் வருவது இதனால்தான். அந்த நேரம் பார்த்து ஒரு தாழமுக்கமோ புயலோ வந்தால் சொல்லவே வேண்டாம், 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது குடாநாடு பட்ட பாட்டை அம்மாவிடம் கேளுங்கோ.

மற்றது ஒரு கணக்கு. 1 மில்லிமீற்றர் மழை 1 சதுர மீற்றரில் விழுந்தால் 1 லீற்றர். ஒரு பரப்புக் காணி ஏறக்குறைய 253 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு பரப்பில் மட்டும் 25,000 லீற்றருக்கு மேல், அதாவது கூரையில் வைக்கிற 1,000 லீற்றர் தாங்கி 25. நாலு பரப்பு வளவென்றால் நூறு தாங்கி! முற்றம் மண்ணாக இருந்தால் இறங்குகிற மட்டும் இறங்கும். மதிலுக்கு மதில் கொங்கிறீட் போட்டுவிட்டால் அவ்வளவும் படலையால் ஒழுங்கைக்குத்தான் வரும்.

வயற்கரை:
ஆறு இல்லை என்று எழுதிவிடாதேங்கோ தங்கச்சி, மனம் நோகிறது. வழுக்கையாறு இருக்கிறது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாகச் சுமார் 16 கிலோமீற்றர் வந்து அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது. மாரியில் மட்டும் ஓடும், கோடையில் அதற்குள் மாடு மேயும். அதனால் பலருக்கு அது ஆறாகவே தெரிவதில்லை, தெரியாதபடியால்தான் குப்பையைக் கொட்டுகிறார்கள், கரையை நெருக்கி மதில் எழுப்புகிறார்கள். நிலம் தட்டை, தண்ணீர் மெல்லத்தான் நகரும், போதாக்குறைக்கு நீரேரி உயர்ந்து நின்றால் கடைவாயிலும் வெளியேற வழியில்லை. இப்படிப்பட்ட ஆற்றுக்கு ஒரு மதகு அடைபட்டாலே போதும்.

எங்கள் வயலடியில் வீதியைத் திருத்தும்போது ஒரு முழம் உயர்த்தினார்கள், பழைய கல்மதகை எடுத்துவிட்டு ஒரு சின்னக் குழாயை வைத்தார்கள். அடுத்த மாரியே அதன் வாயில் வாழைத்தடல், பொலித்தீன் பை, ஒரு கிழிந்த பாய் எல்லாம் சுருண்டு அடைத்துவிட்டது. நானும் தம்பியும் இடுப்பளவு தண்ணீரில் நின்று அலவாங்கால் குத்திக் குத்தி எடுத்தோம். பாய் கழன்றதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடின சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. ஆனால் ஐந்து நாள் மூழ்கிக் கிடந்த நெல் அதற்குள் அழுகிவிட்டது. அந்த நெல்லை மழையின் கணக்கில் எழுத நான் விடமாட்டேன்.

கனகராயன்கரை:
தங்கச்சி, பரீட்சைக்கு வேறு ஆறுகளையும் சேர்த்து எழுதுங்கோ, இடத்துக்கு இடம் காரணத்தின் பங்கு மாறும். களுகங்கை சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து செங்குத்தாக இறங்கி இரத்தினபுரிக்கு வருகிறது, அதற்குக் கீழே கடல் வரை சாய்வு மிகக் குறைவு. வருகிற தண்ணீர் வேகம், போகிற தண்ணீர் மெதுவு, 2003 மே, 2017 மே வெள்ளங்களில் இரத்தினபுரி பட்டது அதுதான். அங்கே தரைத்தோற்றத்துக்குப் பெரிய பங்கு. சரிவில் காடு குறைந்து மண் கரைந்து ஆற்றுப்படுக்கை மேடானால் நிலைமை இன்னும் மோசமாகும்.

எங்கள் பக்கம் கனகராயன் ஆற்றை இரணைமடுக் குளம் மறிக்கிறது. குளத்தில் இடம் இருக்கும்போது வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும். குளம் நிறைந்த நிலையில் பெருமழை வந்தால் வான்கதவைத் திறந்தே ஆகவேண்டும், 2018 டிசம்பரில் திறந்தபோது கிளிநொச்சியில் கீழ்ப்பக்க ஊர்கள் மூழ்கின. மழை பெய்வது எங்கள் கையில் இல்லை, சரி. குளத்தில் எப்போது எவ்வளவு இடம் விட்டுவைப்பது, எந்த நேரம் கதவைத் திறப்பது, கீழே உள்ள சனத்துக்கு எப்போது சொல்வது என்பதெல்லாம் மனிதர் எடுக்கிற முடிவு.

தும்பைப்பூ:
எல்லோருக்கும் மிக்க நன்றி. வழுக்கையாறு பற்றி எழுதிய அண்ணை, மன்னித்துக்கொள்ளுங்கோ, அந்தப் பாலத்தால் ஒவ்வொரு கிழமையும் ரியூசனுக்குப் போகிறேன், கீழே இருப்பது ஆறென்று யாரும் சொல்லித்தரவில்லை.

இன்று காலை கிணற்றுக் கட்டிலிருந்து துலாக்கயிற்றை விட்டு அளந்தேன், தண்ணீர் நாலு முழத்தில் நிற்கிறது. ஐப்பசி பிறக்கும்போது ஒன்பது முழம் என்று அம்மம்மா சொன்னா. பிறகு அவவே இன்னொன்றும் சொன்னா: ஒழுங்கை முடிகிற இடத்தில், இப்போது கடைக்கட்டடம் நிற்கிற காணியில், ஒரு சின்னக் குளம் இருந்ததாம், மாரியில் அதற்குள் தாமரை பூக்குமாம். எங்கள் வளவுத் தண்ணீர் எல்லாம் அங்கேதான் ஓடிச் சேருமாம். நாளைக்கு அவவைக் கூட்டிக்கொண்டு போய், வாய்க்கால் எந்த வழியால் போனது என்று நடந்து பார்த்துக் கொப்பியில் கீறி வைக்கப் போகிறேன்.