ஒரே அறை லைன் வீடு, ஃபோனில் பிளர் வரவில்லை: ஆன்லைன் வகுப்பில் வீடு தெரியாமல் இருக்க என்ன வழி?

கேள்வி (கோத்தகிரிப் பக்கம்)

எஸ்டேட் லைன் வீடு (தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு). ஒரே அறை, ஒட்டினாற்போல அடுப்படி. பத்தாவது படிக்கிற மகளுக்குச் சாயங்காலம் ஜூமில் டியூஷன், கணக்கு மட்டும் கூகுள் மீட். கேமரா போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் உடை மாற்றுவதும் குளித்து வருவதும் அவள் முதுகுக்குப் பின்னால்தான். ஃபோன் பழசு, பின்னணியை மங்கலாக்கும் 'பிளர்' பட்டனே அதில் இல்லை. சிக்னல் ஜன்னலோரம் மட்டும் கிடைக்கிறது. போன வாரம் யாரோ தெரியாத ஆள் வகுப்புக்குள் வந்துவிட்டார். புது ஃபோன் வாங்க இப்போது வழியில்லை. என்ன செய்யலாம்?

பதில் (குன்னூர், செல்போன் சர்வீஸ்)

பட்டன் இல்லாதது கோளாறு இல்லைங்க. வருகிற ஒவ்வொரு படத்திலும் ஆள் எது, சுவர் எது என்று ஃபோனே பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய பிராசசருக்கு அது முடியாது என்பதால் ஆப் அந்த வசதியைக் காட்டுவதில்லை. அதற்காக ஊர் பேர் தெரியாத பிளர் ஆப் எதையும் இறக்காதீர்கள். அதற்கும் கேமரா அனுமதி கொடுக்க வேண்டி வரும்.

பிளர் இருக்கிற ஃபோனிலும் அதைத் திரைச்சீலை என்று நம்பக் கூடாது. பிள்ளை அசையும்போது முடி ஓரத்திலும் தோள் ஓரத்திலும் பின்னால் இருப்பது தெரிந்துவிடும். பின்னால் ஒருவர் நடந்தால் அவரையும் ஆள் என்று எடுத்துக்கொண்டு தெளிவாகக் காட்டும். உங்களுக்கு வேண்டாதது அதுதானே.

அதனால் நிஜத் திரையே கட்டிவிடுங்கள். ஃபோன் ஜன்னல் திட்டில், பிள்ளை ஜன்னலைப் பார்த்து, முகத்திலிருந்து இரண்டடி தள்ளி. சிக்னலும் கிடைக்கும், வெளிச்சமும் முகத்தில் விழும். முதுகுக்கு ஓரடி பின்னால் கயிறு கட்டி ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்கள். ஃபோனை நெட்டுக்குத்தாக வைத்தால் மூன்றடி தூரத்தில் ஏறக்குறைய மூன்றடி அகலம்தான் படத்தில் வரும், படுக்கவைத்தால் நாலடி. ஃபோனுக்கு ஃபோன் கொஞ்சம் மாறும், ஆகவே ஐந்தடி அகலத் துணி இருந்தால் கவலையில்லை.

வேட்டி, மெல்லிய புடவை வேண்டாம். துணிக்குப் பின்னால் பல்பு எரிந்தால் உடை மாற்றுகிறவரின் நிழல் அப்படியே விழும். கம்பளியில் அது விழாது, அடுப்படிச் சத்தமும் கொஞ்சம் குறையும். ஃபோனைக் கண் உயரத்துக்கு ஏற்றுங்கள், நாலைந்து நோட்டுப் புத்தகம் அடுக்கினால் போதும். தாழ வைத்து மேல்நோக்கிச் சாய்த்தால் கயிற்றுக்கு மேலே இருக்கிறதெல்லாம் தெரியும். வகுப்புக்கு முன் ஃபோனில் இருக்கிற சாதாரண கேமராவை செல்ஃபி பக்கம் திருப்பி, அதே இடத்தில் ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள். ஜூமில் கோணம் லேசாக மாறலாம் என்பதால் ஓரத்தில் அரையடி மிச்சம் விடுங்கள்.

வெளியே திண்ணையில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று: கதவில் பெயின்டில் எழுதிய லைன் நம்பர், எஸ்டேட் போர்டு, கடைப் பெயரும் ஃபோன் நம்பரும் போட்ட காலண்டர், இவை எதுவும் படத்தில் வரக்கூடாது. முகவரி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

ஜூம் செட்டிங்ஸில் மீட்டிங் பகுதிக்குப் போய், சேரும்போது வீடியோவும் மைக்கும் அணைந்தே இருக்கும்படி வைத்துவிடுங்கள். மீட்டில் சேருவதற்கு முன் வரும் முன்னோட்டத்திலேயே இரண்டையும் அணைக்கலாம். இடையில் சிக்னல் அறுந்து மறுபடி சேரும்போதுதான் கேமரா தெரியாமல் திறந்துவிடுகிறது. மழைக்காலத்தில் இங்கே அது அடிக்கடி நடக்கும்.

பதில் (பூம்பாறை, ஆசிரியை)

கேமரா கட்டாயம் என்பதை டியூஷனில் பேசிப் பாருங்கள் அம்மா. வருகை எடுக்கும்போதும் கேள்விக்குப் பதில் சொல்லும்போதும் போட்டால் போதும். ஜூம் சொல்கிற கணக்கில் குரலுக்கு மட்டும் 60 முதல் 80 கேபிபிஎஸ் (நெட் வேகத்தின் அளவு), உயர்தர வீடியோவுக்கு 600 கேபிபிஎஸ். மலையில் வீடியோவை விட்டால் பாடமாவது அறுபடாமல் கேட்கும். இதைச் சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

தெரியாத ஆள் வந்ததற்குப் பெரும்பாலும் காரணம், தினமும் ஒரே லிங்க். யாராவது ஒருவர் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் போதும். டியூஷன் ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள்: எப்போதும் மாறாத தனிப்பட்ட மீட்டிங் ஐடி (வகுப்பில் சேரும் எண்) வேண்டாம், ஒவ்வொரு வகுப்புக்கும் புது ஐடி. வெயிட்டிங் ரூம் (ஆசிரியர் அனுமதிக்கும்வரை வெளியே காக்க வைக்கும் வசதி) போட்டு, பட்டியலில் உள்ளவரை மட்டும் அனுமதிக்க வேண்டும். எல்லாரும் வந்ததும் வேறு யாரும் சேர முடியாதபடி மீட்டிங்கைப் பூட்டலாம். ஆனால் சிக்னல் அறுந்த பிள்ளையும் வெளியே நின்றுவிடும், எனவே மலைப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் பூட்டைவிட வெயிட்டிங் ரூமே மேல். திரைப் பகிர்வு ஹோஸ்டுக்கு, அதாவது வகுப்பை நடத்தும் ஆசிரியருக்கு மட்டும்.

பெயர் விஷயம் பலர் கவனிப்பதில்லை. மீட்டில் கூகுள் கணக்கின் பெயரும் படமும்தான் வரும். அப்பா ஃபோனில் சேர்ந்தால் அப்பா பெயரும் குடும்பப் படமும் வகுப்பு முழுக்கத் தெரியும். மகளுக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, முதல் பெயர் மட்டும் வைத்து, பூ படமோ மரப் படமோ போடுங்கள். ஜூமில் "10-ஆ-14" என்று வகுப்பும் வரிசை எண்ணும் போட்டுக்கொள்ளலாம்.

பதிவைப் பற்றியும் கேளுங்கள். ஜூமில் பதிவு செய்தால் எல்லாருக்கும் அறிவிப்பு வரும். ஆனால் ஒரு மாணவர் தன் ஃபோனிலேயே திரையைப் பதிவு செய்தால் யாருக்கும் தெரியாது. ஆசிரியர் கம்ப்யூட்டரில் பதிவு செய்தால், திரைப் பகிர்வின்போது வீடியோவைச் சேர்க்கும் டிக்கை எடுத்துவிடலாம். திரையைப் பகிரும் நேரத்தில் பாடம் மட்டும் பதிவாகும், பிள்ளைகள் முகம் வராது.

கேட்டவர்

ரொம்ப நன்றிங்க. கம்பளி கட்டிவிட்டோம். இன்னொன்று: மகள் முகம் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டை ஒரு பையன் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறான். என்ன செய்வது?

பதில் (குன்னூர், செல்போன் சர்வீஸ்)

முதலில் அந்தப் பதிவைத் தேதி, நேரம், அனுப்பிய நம்பர் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு அட்மினிடம் சொல்லுங்கள்; யார் போட்டதையும் அட்மினால் எல்லாருக்கும் அழிக்க முடியும். இன்றே செய்ய வேண்டும், இரண்டு நாள் தாண்டினால் அழிக்கும் வாய்ப்பு போய்விடலாம். அதற்குள் சேமித்தவர்களிடம் இருப்பது அழியாது, அதனால் ஆசிரியர் வகுப்பிலேயே சொல்லி நீக்கச் சொல்ல வேண்டும்.

பதில் (பூம்பாறை, ஆசிரியை)

வெறும் முகப்படம் என்றால் பையனின் பெற்றோரையும் ஆசிரியரையும் வைத்துப் பேசி முடிக்கலாம். படத்தை மாற்றி அசிங்கமாக்கினாலோ மிரட்டினாலோ பேச்சே வேண்டாம். 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பிள்ளைகளின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம். ஆகவே ஆதாரம் காட்டுகிறேன் என்று அப்படிப்பட்ட படத்தை உறவினர்களுக்கு நீங்கள் அனுப்பிவிடாதீர்கள், போலீசாரிடம் ஃபோனிலேயே காட்டுங்கள். மகளைத் திட்டாதீர்கள் அம்மா. திட்டினால் அடுத்த முறை எதுவும் சொல்ல மாட்டாள்.