பிராக் நகரில் ஒரு வார இறுதி: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் மாதத்தில், முழங்கால் வலியுள்ள என் தாயாருடன் செக் குடியரசின் தலைநகரான பிராக் நகருக்குச் செல்லவிருக்கிறேன். வெள்ளி மாலை சென்றடைந்து திங்கள் காலை புறப்பட வேண்டும்.

யூத அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தொழுகைக் கூடங்களும் பழைய கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும் என்பதாலும், 1344இல் தொடங்கி 1929இல்தான் முழுமையடைந்த புனித வைட்டஸ் பேராலயத்துக்குள் ஞாயிறு முற்பகலில் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை என்பதாலும், சனிக்கிழமையை அந்தப் பேராலயம் அமைந்த, குன்றின் மேலுள்ள பிராக் கோட்டைக்கும் ஞாயிற்றுக்கிழமையை யூதர் பகுதிக்கும் ஒதுக்கியுள்ளேன். குன்றின் படிகளைத் தவிர்க்க 22ஆம் எண் டிராமில் கோட்டைக்குச் செல்ல எண்ணுகிறோம். நிறுத்தத்திலிருந்து நடக்க வேண்டிய தூரமும் பாதுகாப்புச் சோதனை வரிசையும் முதியவர்களுக்கு எவ்வளவு சிரமம் தரும் என்பதை, பெற்றோருடன் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரத்தில் மணிக்கொரு முறை திருத்தூதர் உருவங்கள் தோன்றுவதைக் காணக் கூட்டம் முண்டியடிக்கும் என்கிறார்கள். எங்களுக்கோ அந்தக் கடிகாரம் அமைந்த கோபுரத்தில் மின்தூக்கி இருப்பதுதான் பெரிய செய்தி. சார்லஸ் பாலத்தில் நெரிசலின்றி நடக்க, அக்டோபரில் காலை எத்தனை மணிக்குள் செல்ல வேண்டும்?

தங்குமிடம் குறித்துத்தான் முடிவெடுக்க இயலவில்லை. பழைய நகரப் பகுதியில் எல்லாம் அருகிலேயே இருக்கும், ஆனால் கல் பாவிய தெருக்களில் பெட்டியை இழுக்க வேண்டும். வினோஹ்ராடி என்ற குடியிருப்புப் பகுதி அமைதியானது, மெட்ரோ வசதியும் உண்டு. நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள குட்னா ஹோரா என்ற பழைய நகரையும் சேர்க்கச் சிலர் வற்புறுத்துகிறார்கள். இவ்வளவு குறுகிய பயணத்தில் அது பேராசை என்றே நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்துடன் கூறுங்கள். தாயார் முட்டையும் உண்ணாதவர் என்பதால், நம்பகமான சைவ உணவகங்களின் பெயர்களையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.