கலைச்சொல்: துணையிலா மூவிழப்பா, தனியாள் மூவீழ்த்தலா?

வணக்கம் நண்பர்களே,

பேஸ்பால் சொற்பட்டியலில் ஒரு சொல் தீராமல் நிற்கிறது. ஒரே பந்தில், தடுப்பாட்டக்காரர் ஒருவரே மூவரை ஆட்டமிழக்கச் செய்வதற்கான (unassisted triple play) சொல் அது.

1909 ஜூலை 19, கிளீவ்லாந்து லீக் பார்க். பாஸ்டன் அணியின் ஹைனி வாக்னர் இரண்டாம் பேஸில் (ஓட்டக்காரர் வரிசையாகத் தொட்டு ஓடும் நிலை), ஜேக் ஸ்டால் முதல் பேஸில். ஆம்பி மெக்கானல் அடித்த பந்து தரையில் படாமல் சீறி வந்தது. கிளீவ்லாந்தின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) நீல் பால் அதைப் பிடித்ததும் மெக்கானல் போனார். பந்து பிடிபட்டதால் தம் பேஸுக்குத் திரும்ப வேண்டிய வாக்னர் திரும்புமுன் இரண்டாம் பேஸை மிதித்ததும் அவரும் போனார். அடுத்து, முதல் பேஸிலிருந்து ஓடிவந்த ஸ்டாலைப் பந்தால் தொட்டார். 1900-க்குப் பின் பெரிய லீக்குகளில் இதுவே முதல் நிகழ்வு. 2009 வரை மொத்தம் 15 தான்.

"துணையிலா மூவிழப்பு" என்று வைக்கலாமா?

---

> மூவிழப்பு

ஐயா, "இழப்பு" அடிக்கும் அணியின் பக்கம் நின்று பார்ப்பது. சாதனையோ தடுப்பவருடையது. வீழ்தல் தன்வினை, வீழ்த்தல் பிறவினை; இங்கே பிறவினைதான் பொருந்தும். மூவேந்தர் போல மூவீழ்த்தல். இருவர் போனால் இருவீழ்த்தல் என்று அதே அச்சில் வார்க்கலாம். "மூவிழப்பு" என்பதை மூ+விழப்பு என்றும் பிரித்துப் படித்துவிடுவார்கள்.

"ஹாட்ரிக்" என்று எழுதுவோரும் உண்டு. அது தவறு, அங்கே மூன்று பந்து, இங்கே ஒன்றே.

---

மூவீழ்த்தலை ஏற்கிறேன். ஆனால் "துணையிலா" இருக்கட்டும். 1878 மே 8 அன்று பிராவிடென்ஸின் பால் ஹைன்ஸ் செய்தது இன்றும் சர்ச்சையாக இருப்பதே துணையை (assist, பந்தை எறிந்து வீழ்த்த உதவியவர் கணக்கு) வைத்துத்தான். பந்தைப் பிடித்து, ஓடிப்போய் மூன்றாம் பேஸை மிதித்தார். பிறகு இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். மூன்றாம் பேஸில் இருந்தவரோடு இரண்டாம் பேஸிலிருந்து புறப்பட்டவரும் மூன்றாவதைக் கடந்திருந்தார் என்றால், அன்றைய விதிப்படி அந்த மிதியிலேயே இருவரும் போயினர் என்பது ஒரு கட்சி. கடக்கவில்லை என்றால் அந்த எறி தேவை. அப்போது மூன்றாவது ஆள், எறியைப் பிடித்த இரண்டாம் பேஸ்காரர் ஸ்வீஸியின் கணக்கு, ஹைன்ஸுக்குத் துணைக் கணக்கு.

---

அருமையான சான்று. ஆனால் அது "தனியாள்" என்பதற்கே வலு சேர்க்கிறது. ஆட்டக்குறிப்பாளர் பார்ப்பது மூன்று வீழ்த்தலும் ஒரே பெயரில் விழுகிறதா என்பதை. "துணை"யைத் தனிச்சொல்லாகப் பட்டியலில் விட்டுவைப்போம். வெறும் "தனி" போதாது. "தனித்தனியாக மூன்று" என்று மயங்கும்.

விளக்கத்தில் பேஸ் வரிசையைக் கட்டிப்போடாதீர்கள். 15-இல் ஷார்ட்ஸ்டாப் 8, இரண்டாம் பேஸ்காரர் 5. பந்து எறிபடும்போதே ஓட்டக்காரர்கள் புறப்பட்டுவிட்டால், இரண்டாம் பேஸ் அருகே நிற்பவருக்குத்தான் எல்லாம் கைக்கெட்டும். ஆனால் மற்ற இருவர், 1923-இல் ஜார்ஜ் பர்ன்ஸும் 1927-இல் ஜானி நியூனும், முதல் பேஸ்காரர்கள். அவர்கள் முதலில் அருகிலிருந்த ஓட்டக்காரரைத் தொட்டுவிட்டு, பிறகு இரண்டாம் பேஸுக்கு ஓடினார்கள்.

பதிவு இப்படி இருக்கலாம்:

தனியாள் மூவீழ்த்தல் (பெ.): யாரும் ஆட்டமிழக்காத நிலையில், குறைந்தது இருவர் பேஸ்களில் இருக்க, ஒரே பந்தின் தொடர்ச்சியில் தடுப்பாட்டக்காரர் ஒருவரே மூவரையும் வீழ்த்துதல்.

வினை வடிவம் "தனியாளாய் மூவரை வீழ்த்தினார்". மாற்றுக்கருத்து இருந்தால் எழுதுங்கள். "துணை" பதிவை அடுத்து எடுப்போம்.