மார்சியானோவின் 49 வெற்றிகளை எப்படி எடைபோடுவது?

கேள்வி: குத்துச்சண்டை வீரர் ராக்கி மார்சியானோ 49 போட்டிகளில் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றவர் என்றாலும், 1951இல் அவர் வீழ்த்திய ஜோ லூயிசுக்கு வயது 37, மறு ஆண்டு அவரிடம் உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பறிகொடுத்த ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38. அவரை முகமது அலிக்கு இணையாக வைக்கலாமா?

பதில் 1: வயதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். முதல் சுற்றிலேயே மார்சியானோவைத் தரையில் சாய்த்து, மூன்று நடுவர்களின் புள்ளிக் கணக்கிலும் முன்னிலையில் இருந்த வால்காட்டை, 13ஆம் சுற்றில் கயிற்றோரம் விழுந்த ஒரு குறுகிய வலக்கைக் குத்துதான் சரித்தது.

பதில் 2: ஆனாலும் அலிதான் மேல். 1974இல் அவர் வீழ்த்திய ஜார்ஜ் ஃபோர்மன் அதுவரை தோல்வி அறியாதவர். 1980இல் 38 வயது அலியை வென்றதற்காக லாரி ஹோம்ஸை யார் புகழ்கிறார்கள்?

கேட்டவர்: லூயிஸ் போட்டியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறேன், வால்காட் போட்டியை நீக்க இப்போது மனம் வரவில்லை.