தலைக்கு மேல் போகும் விமானத்துக்கு ஹாலில் ஒரு பலகை: செய்வதா, வாங்குவதா?

பொழிச்சலூர்_மாடி
வீடு பொழிச்சலூர். மீனம்பாக்கத்தில் 07 ஓடுபாதை (மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி இறங்கும் திசை) ஓடும் நாளில் இறங்குகிற விமானமெல்லாம் மொட்டைமாடிக்கு மேலேதான். ஹாலில் ஒரு எல்ஈடி பலகை வேண்டும்: எந்த ஏர்லைன், எங்கிருந்து வருகிறது, என்ன உயரம். வெளிநாட்டிலிருந்து ரெடிமேட் பெட்டி வரவழைக்கவா, நாமே செய்யவா? பைத்தான் சுமாராக வரும். சால்டரிங் அயர்ன் தொட்டதில்லை.

பற்றவைப்பு
செய்யுங்க, யோசிக்கவே வேண்டாம். ரெடிமேட் பெட்டிக்கு எல்லாத் தரவும் யாரோ ஒருத்தர் சர்வரிலிருந்து வரணும். உங்களுக்கோ விமானமே வீட்டுக்கு மேல. நொடிக்கு இரண்டு தடவை 1090 மெகாஹெர்ட்ஸில் தன் இடத்தைத் தானே சொல்லிக்கிட்டுப் போகுது. ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகற ரேடியோ ரிசீவர்), ஒரு ராஸ்பெர்ரி பை (கையடக்கக் கம்ப்யூட்டர்), 64க்கு 32 புள்ளி பி4 பேனல் இரண்டு (புள்ளிக்குப் புள்ளி 4 மிமீ, ஒன்று 256 மிமீ நீளம்), மின்சாரம் கொடுக்க 5 வோல்ட் 10 ஆம்ப் எஸ்எம்பிஎஸ். அவ்வளவுதான். இன்டர்நெட்டே வேண்டாம்.

கடைச்சரக்கு
"இன்டர்நெட்டே வேண்டாம்" என்பதை அப்படியே விட முடியாது. அவர் கேட்டது "எங்கிருந்து". விமானம் அப்படித் தானே அனுப்பும் ஏடிஎஸ்-பி செய்தியில் அது கிடையாது. 24 பிட் முகவரி, எட்டு எழுத்துக்குள் ஒரு கால்சைன் (ரேடியோவில் அந்த விமானத்தை அழைக்கும் பெயர்), இடம், உயரம், வேகம் வரும். ஊர் பெயர் வராது. கால்சைனை வைத்து எங்கேயாவது போய்த் தேடித்தான் ஆகணும். அதுவும் எமிரேட்ஸ் மாதிரி நிறுவனங்கள் எண்ணோடு எழுத்தும் கலந்த கால்சைன் வைக்கிறார்கள், டிக்கெட்டில் இருக்கும் எண்ணுக்கும் அதுக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அட்டவணை மாறியதும் இலவசத் தரவுத்தளங்கள் பின்தங்கிவிடும். டெல்லியிலிருந்து வரும் விமானத்துக்கு உங்கள் பலகை கொச்சி என்று காட்டும். காசு கொடுத்துத் தரவு வாங்கும் பெட்டியில் இந்தத் தலைவலி குறைவு.

பற்றவைப்பு
ஊர் பெயர் விஷயம் சரி, ஒப்புக்கறேன். ஆனா அதுக்குத் தேவை ஒரு விமானத்துக்கு ஒரே ஒரு தேடல், அதையும் சேமிச்சு வெச்சுக்கலாம். வந்த பதிலில் சென்னையே இல்லைன்னா பழைய தரவுன்னு தூக்கிப் போட்டுட்டு கால்சைனை மட்டும் காட்டணும், தீர்ந்தது. இடத்தையும் இணையத்திலிருந்தே எடுக்கறதுலதான் கஷ்டம். விமானம் இருக்கற இடத்தைச் சொல்ற ஓப்பன்ஸ்கை இணையதளத்தில் இலவசக் கணக்குக்கு நாளுக்கு 4,000 கிரெடிட். சின்னப் பரப்பைக் கேட்டா தடவைக்கு ஒண்ணு. 86,400 நொடியை வகுத்தா 21.6 நொடிக்கு ஒரு தடவை. இறங்கற விமானம் 140 நாட் வேகத்தில் அதுக்குள்ள ஒன்றரை கிலோமீட்டர் போயிடும். சத்தம் அடங்கின பிறகு பலகை எரியும்.

கடைச்சரக்கு
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை அணைத்து வைத்தால் 14.4 நொடிக்கு ஒரு தடவை கேட்கலாம். நல்ல பெட்டிகள் இலவசக் கணக்கில் ஓடுவதும் இல்லை.

பற்றவைப்பு
ஆமா, சந்தாவில் ஓடுது. சந்தாவோ சர்வரோ நின்ன அன்னைக்கு அது வெறும் சுவர் அலங்காரம். வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: தரவு முகவரியை நாமே மாத்திக்க முடியுமா? முடியாதுன்னா வேண்டாம்.

வயர்க்கட்டு
இரண்டு பேரும் சொல்லாத ஒன்று: 25 ஓடுபாதை (அதே பாதை, எதிர்த்திசை) ஓடும் நாளில் பொழிச்சலூருக்கு மேல் இறங்குவது இல்லை, ஏறுவது. அன்றைக்கு "எங்கிருந்து" என்று காட்டினால் எல்லாமே சென்னைதான். உயர மாற்ற வேகம் நேர்மறையா எதிர்மறையா பார்த்து, ஏறினால் போகும் ஊர், இறங்கினால் வந்த ஊர் என்று மாற்றிக் காட்டணும். பல ரெடிமேட் பெட்டிகள் இரண்டு ஊரையும் அம்புக்குறியோடு போட்டுவிட்டுத் தப்பித்துவிடும்.

செய்வதாக இருந்தால் கவனிக்க:

ரிச்சி ஸ்ட்ரீட்டில் "எல்ஈடி பேனல்" என்று மட்டும் கேட்காதீர்கள். கடை போர்டுக்கு மாட்டும் சிவப்பு பி10-ஐக் கையில் கொடுப்பார்கள். 32க்கு 16 புள்ளி, ஹப்12 இணைப்பு. உங்களுக்கு வேண்டியது ஹப்75, ஃபுல் கலர், இன்டோர், 1/16 ஸ்கேன். பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஒரே ராஸ்பெர்ரி பையில் ரிசீவரையும் பேனலையும் ஓட்டினால் மினுக்கும். பேனல் லைப்ரரிக்குத் துல்லியமான நேரக்கணக்கு வேண்டும், அதே டைமரைத்தான் பையின் ஆடியோவும் பயன்படுத்துகிறது. ஆடியோவை அணைத்தாலும் டாங்கிள் வேலை குறுக்கே வரும். பையில் ரீட்எஸ்பி (டாங்கிள் பிடிக்கும் செய்திகளைப் படிக்கும் புரோகிராம்) மட்டும் ஓடட்டும். பேனலை ஓட்ட மேட்ரிக்ஸ்போர்ட்டல் எஸ்3 என்ற சின்ன போர்டைப் போட்டால் பேனல் முதுகில் உள்ள 16 கால் சாக்கெட்டில் அப்படியே செருகிக்கொள்ளும், பற்றவைப்பே கிடையாது. பேனல்களுக்கு மின்சாரம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராகப் போகணும்; ஒரு பேனல் முழு வெள்ளையில் 4 ஆம்ப் வரை இழுக்கும்.

ரீட்எஸ்பி நொடிக்கொரு தடவை எழுதும் ஜேசன் கோப்பை முழுதாக அந்தச் சின்ன போர்டுக்கு அனுப்பாதீர்கள், மெமரி போதாது. பையில் பைத்தான் ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுத்து நாலு வரி அனுப்பினால் போதும். அதில் இரண்டு கண்ணி இருக்கிறது. கால்சைன் பின்னால் வெற்றிடம் ஒட்டி எட்டு எழுத்தாகவே வரும், வெட்டாமல் தேடினால் ஒன்றும் கிடைக்காது. தரையில் நிற்கும் விமானத்துக்கு உயரம் எண்ணாக வராது, "கிரவுண்ட்" என்ற சொல்லாக வரும். 3,000 அடிக்குக் கீழா என்று அதை ஒப்பிட்ட அந்த நொடியே புரோகிராம் படுத்துவிடும். ஏர்போர்ட் பக்கத்து வீடு, ஒரு நாளும் தப்பாது.

கடைச்சரக்கு
உயரம் என்றதும் ஞாபகம் வருகிறது. கையால் செய்த பலகைகள் பெரும்பாலும் அந்த உயரத்தை அப்படியே காட்டும். அது 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற நிலையான காற்றழுத்தத்தை வைத்த கணக்கு. ஜூன், ஜூலையில் சென்னைக் காற்றழுத்தம் 1004 வாக்கில் இருந்தால் 250 அடி கூடுதலாகக் காட்டும். அவர் மாடிக்கு மேல் விமானம் இருப்பதே சில நூறு அடியில்தான்.

பற்றவைப்பு
ஜிபிஎஸ் உயரத்தை எடுத்துக்கலாமே?

வயர்க்கட்டு
நம்ம ஊரில் அது இன்னும் மோசம். அந்த உயரம் நீள்வட்டக் கோளத்திலிருந்து (பூமிக்கு ஜிபிஎஸ் வைத்திருக்கும் கணக்கு வடிவம்) அளந்தது. சென்னையில் கடல்மட்டமே அதற்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருக்கிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானம் கழித்தல் குறியோடு வரும். 295 அடி கூட்டிக்கொண்டால் நெருங்கிவிடும். இல்லையென்றால் விமான நிலைய வானிலை அறிக்கையிலிருந்து அழுத்தத்தை எடுத்து, ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 28 அடி வீதம் கழியுங்கள். வாங்கின பெட்டியும் இதைத் திருத்துகிறது என்று எண்ணிவிடாதீர்கள்.

பொழிச்சலூர்_மாடி
அப்படியானால் பேனல் வாங்குவதற்கு முன் டாங்கிளையும் பையையும் மட்டும் வைத்துப் பார்க்கிறேன். வீட்டில் ஒரு பழைய டேப்லெட் சும்மா கிடக்கிறது, பிடிபடும் விமானங்களை வரைபடத்தில் காட்டும் டார்1090 பக்கத்தை அதில் திறந்து வைத்தால் ஆகுமா?

கடைச்சரக்கு
தாராளமாக. ஒரு மாதம் கழித்தும் அதைத் திரும்பிப் பார்க்கிறீர்கள் என்றால் அப்புறம் பேனலைப் பற்றிப் பேசலாம். என் ஓட்டு இன்னும் பெட்டிக்குத்தான்.

பற்றவைப்பு
டேப்லெட் பலகை ஆகாது, பரவாயில்லை. ஆம்ப்ளிஃபயர் வெச்ச டாங்கிள் வாங்காதீங்க; அவ்வளவு பக்கத்தில் சிக்னல் தெறிக்கும். வலுவான செய்திகள் நூற்றுக்கு அஞ்சைத் தாண்டினா கெயினை, அதாவது டாங்கிள் சிக்னலைப் பெருக்கற அளவைக் குறைங்க. டாங்கிளோட வர்ற ஆன்டெனா கம்பியை 69 மிமீக்கு வெட்டி, அடியில் ஒரு பிஸ்கட் டின் மூடியை வெச்சு ஜன்னலில் நிறுத்துங்க. முதல் தடவை "யுஎஸ்பியை எடுக்க முடியலை, மைனஸ் 6"ன்னு திட்டும். டாங்கிளை டிவி டியூனர்னு நினைச்சு பையோட கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பிடிச்சு வெச்சிருக்கும். அந்த டிவிபி டிரைவரை பிளாக்லிஸ்டில் போட்டு ரீபூட் பண்ணுங்க.