கூரியர் எடுத்தால் அது என் கைவசமாகுமா?

அஸ்ஸலாமு அலைக்கும். 8 மாதமாக இணையத்தில் சிறுவர் காலணி விற்கிறேன். சரக்கு என்னிடம் இல்லை. ஆர்டர் வந்த பிறகே மொத்த வியாபாரியிடம் வாங்குகிறேன், அவர் நேராக வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவார். போன வாரம் 28ஆம் அளவு கேட்டவருக்கு 30 போய்ச் சேர்ந்தது. அந்தப் பெட்டியை நான் தொட்டதுகூட இல்லை. கைவசம் இல்லாததை விற்காதே என்று நபித்தோழர் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களை நபி (ஸல்) தடுத்தது இதைத்தானே என்று மனசு உறுத்துகிறது.

ஸலம் முறை (பணம் முன்னே, பொருள் பின்னே என்ற விற்பனை) ஒத்துவரவில்லை: முழு விலையும் முன்கூட்டியே வர வேண்டும், என் வாடிக்கையாளர்களோ பொருள் வந்த பிறகுதான் பணம் தருகிறார்கள். வகாலா (வாடிக்கையாளரின் முகவராக வாங்கித் தருவது) என்று என் கூலியைத் தனியாகச் சொன்னேன், ஆர்டர் நின்றுபோனது. எல்லா அளவும் வாங்கி வைக்க முதல் இல்லை.

சரி, ஆர்டரை வாக்குறுதியாக மட்டும் எடுத்து, சரக்கை வாங்கிய பிறகு விற்பனையை உறுதி செய்யலாம் என்றிருக்கிறேன். நான் அமர்த்தும் கூரியர்காரர் எனக்காகச் சரக்கை எடுத்துக்கொண்டால், அது என் கப்ளு (கைவசப்படுத்தல்) ஆகிவிடுமா?