புது கன்வெர்ட்டர் போட்டதிலிருந்து 'இன்புட் நாட் சப்போர்ட்டட்', விண்டோஸுக்குள் போகவே முடியவில்லை

திண்ணைவாசி:
வணக்கம் நண்பர்களே. வீட்டில் இருப்பது பழைய 19 அங்குல அகலத்திரை மானிட்டர், விஜிஏ (பழைய ரக வீடியோ இணைப்பு) மட்டும்தான் உண்டு, ரெசல்யூஷன் 1440 × 900. சிபியுவில் எச்டிஎம்ஐ (புது ரக வீடியோ இணைப்பு) மட்டும் இருப்பதால் நடுவில் ஒரு கன்வெர்ட்டரைப் போட்டுத்தான் இவ்வளவு நாள் ஓட்டினோம். அது செத்துவிட்டது, கடையில் இருந்ததிலேயே விலை குறைந்ததாக ஒன்றை வாங்கி மாட்டினேன். ஆன் செய்தால் மதர்போர்டு லோகோ தெரிகிறது, புள்ளிகள் சுற்றுவதும் தெரிகிறது, அப்புறம் கறுப்பு. 'இன்புட் நாட் சப்போர்ட்டட்' என்று ஒரு சின்னப் பெட்டி மட்டும் மூலைக்கு மூலை மிதக்கிறது. விண்டோஸ் 10. மகளின் ப்ராஜெக்ட் எல்லாம் உள்ளே இருக்கிறது, தயவுசெய்து ஃபார்மட் அடிக்கச் சொல்லாதீர்கள்.

மவுஸ்பாண்டி:
டிவியில் மாட்டி ரெசல்யூஷனைக் குறைத்துவிட்டு, திரும்ப மானிட்டரில் மாட்டுங்கள். சிம்பிள்.

கம்பிவட_கணேசன்:
பாண்டி, அது வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு திரைக்கும் விண்டோஸ் தனித்தனியாக செட்டிங் வைத்துக்கொள்ளும், டிவியில் குறைத்தால் டிவிக்குத்தான் குறையும்.

திண்ணைவாசி சார், கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை, பயப்படாதீர்கள். மானிட்டர் தனக்கு எந்தெந்த ரெசல்யூஷன் ஒத்துவரும் என்ற விவரத்தை ஒரு சின்ன சிப்பில் வைத்திருக்கும், ஈடிஐடி என்பார்கள். நல்ல கன்வெர்ட்டர் அதைப் படித்து அப்படியே விண்டோஸிடம் கொடுக்கும். மலிவு ரகத்தில் சில அந்த வேலையே செய்யாமல், தன்னிடம் இருக்கும் பட்டியலை நீட்டிவிடும், அதில் தலையில் நிற்பது பெரும்பாலும் 1920 × 1080. விண்டோஸும் அதை நம்பி அனுப்புகிறது. 1440 × 900க்கு 60 ஹெர்ட்ஸில் 106.5 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக் (பிக்சல்களை அனுப்பும் வேகம்) போதும், 1080க்கு 148.5 வேண்டும், உங்கள் மானிட்டர் கையை விரித்துவிட்டது. லோகோ தெரிவதற்குக் காரணம், அந்த நேரத்தில் விண்டோஸின் கிராபிக்ஸ் டிரைவர் இன்னும் வேலையை ஆரம்பித்திருக்காது.

லோகோ தெரிகிறதென்றால் ரிப்பேர் திரையும் தெரிய வேண்டும். புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள், இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ஆட்டோமேட்டிக் ரிப்பேர் தானாக வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ட்ரபிள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பட்டியல் வந்ததும் 3ஐ அழுத்துங்கள், லோ ரெசல்யூஷன் வீடியோ என்று இருக்கும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் ரிகவரி கீ கேட்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். உள்ளே போனதும் எல்லாம் பூதாகரமாகத் தெரியும், பரவாயில்லை, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1440 × 900ஐத் தேர்ந்தெடுங்கள், ரெஃப்ரெஷ் ரேட் 60. ஆசைப்பட்டு 75 வைக்க வேண்டாம். கறுப்பாகிவிட்டால் எதையும் தொடாமல் 15 நொடி இருங்கள், தானாகப் பழையபடி வந்துவிடும்.

தேன்மொழி_லேப்:
கணேசன் அண்ணா சொன்னது சரி, ஆனால் கன்வெர்ட்டரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் விஜிஏ கேபிளைக் கழற்றி முனையைப் பாருங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து பின். 9வது பின், அதாவது நடுவரிசையில் நான்காவது, இல்லாமல் இருந்தால் கவலை வேண்டாம், நிறைய கேபிளில் அது இருக்காது. மூன்றாவது வரிசையில்தான் விஷயம். அதில் இரண்டாவதும் கடைசியும், 12ம் 15ம், மானிட்டர் விவரத்தைக் கொண்டுபோகிறவை. அதில் ஒன்று வளைந்து படுத்திருந்தாலோ, கேபிளில் அந்தக் கம்பியே இழுக்கப்படாமல் இருந்தாலோ எவ்வளவு நல்ல கன்வெர்ட்டர் போட்டும் பிரயோஜனம் இல்லை. எங்கள் லேபில் மாணவர்கள் கோணலாகக் குத்திக் குத்தி இந்தப் பின்களைத்தான் முதலில் சாகடிப்பார்கள். வேறு கேபிள் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

திண்ணைவாசி:
உள்ளே போய்விட்டேன்! கணேசன், மிக்க நன்றி. ஆனால் பட்டியலில் 1440 × 900 இல்லை. 1280 × 1024 வைத்தேன், படம் வருகிறது, வட்டமெல்லாம் முட்டை மாதிரி நீண்டு கிடக்கிறது. பின்களைப் பார்த்தேன் தேன்மொழி, எல்லாம் நேராகத்தான் இருக்கின்றன. பக்கத்து வீட்டு கேபிளிலும் இதே கதைதான்.

கம்பிவட_கணேசன்:
அப்படியென்றால் கன்வெர்ட்டர்தான். 1280 × 1024 என்பது 5:4 திரைக்கு உரியது, உங்களுடையது 16:10, இழுத்துக்கொண்டுதான் தெரியும். இப்போதைக்கு 1280 × 720 வைத்துப் பாருங்கள், எழுத்து கொஞ்சம் மங்கலாக இருக்கும், வடிவம் இவ்வளவு மோசமாக இருக்காது. இன்டெல் கிராபிக்ஸ் என்றால் அதன் கமாண்ட் சென்டரில் கஸ்டம் ரெசல்யூஷன் இருக்கிறதா பாருங்கள், 1440, 900, 60 என்று கொடுத்துப் பார்க்கலாம். சில சமயம் ஏற்கும், சில சமயம் முரண்டு பிடிக்கும். என்னைக் கேட்டால் பில் இருக்கும்போதே கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். அங்கேயே ஒரு பழைய மானிட்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், பட்டியலில் அந்த மானிட்டரின் சொந்த ரெசல்யூஷன் வந்தால் வாங்குங்கள்.

மவுஸ்பாண்டி:
சரி, டிவி யோசனை வாபஸ். ஆனால் அந்த 19 அங்குலத்துக்கு இன்னும் எத்தனை கன்வெர்ட்டர் வாங்குவதாக உத்தேசம் சார்?

திண்ணைவாசி:
மானிட்டர் நன்றாகத்தானே ஓடுகிறது பாண்டி! சாயங்காலம் கடைக்குப் போகிறேன், மாற்றித் தந்தால் எழுதுகிறேன்.